முதல் பிள்ளை என்று ஒரு வரி

கள்ளக்குறிச்சி தாலுகா ஆபீஸுக்கு எதிரே உட்கார்ந்து டைப் அடித்துத்தான் என் பிழைப்பு ஓடியது. முதலில் மெஷின், பிறகு கம்ப்யூட்டர். நான் அடித்துக் கொடுத்த மனு எதுவும் "இது இல்லை, அது தப்பு" என்று திரும்பி வந்ததில்லை என்று போவோர் வருவோரிடமெல்லாம் பீற்றிக்கொள்வேன். பக்கத்துக் கடை டைப்பிஸ்ட்டுகளுக்கு என்னைக் கண்டால் ஆகாது. ஆகாமல் போகட்டும் என்றுதான் இருந்தேன்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. அடித்து முடித்ததும் காகிதத்தை நீட்டி "இங்கே கையெழுத்துப் போடு" என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு வரியாக உரக்கப் படிப்பேன். ஒவ்வொரு வரிக்கும் அவர்கள் "ஆமா" சொல்ல வேண்டும். பாதிப் பேருக்கு எரிச்சல் வரும். "ஆமா ஆமா, எல்லாத்துக்கும் ஆமா" என்று எழுந்துவிடப் பார்ப்பார்கள். விடமாட்டேன். இந்தப் பழக்கத்தால் பலருடைய நிலம் பிழைத்திருக்கிறது. ஒரு குடும்பத்துக்கு மட்டும் அதுவே வினையானது.

தொற்றுநோய் பயம் கொஞ்சம் தணிந்து, முகக்கவசம் தாடைக்கு இறங்கியிருந்த மார்கழி அது. தங்கள் சாதிக்குத் தனி ஒதுக்கீடு வேண்டும் என்று ஊர் ஊராகக் கிராம நிர்வாக அலுவலரிடம் மனுக் கொடுக்கும் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. எனக்கு மூச்சுவிட நேரமில்லை. ஊர்ப் பேரை மட்டும் மாற்றி மாற்றி ஒரே மனுவை அடித்துத் தள்ளினேன். அந்தக் கூட்டத்துக்கு நடுவில்தான் கச்சிராயபாளையத்துக்கு அப்பால், மலையடிவாரத்து ஊரிலிருந்து ஒரு அண்ணனும் தங்கச்சியும் வந்தார்கள். அண்ணனுக்கு அறுபது இருக்கும். மனு அடித்து வாங்க வந்தவர்களோடு ஒரே வேனில் வந்திருந்தார். தங்கச்சிக்கு என்னைவிட ஏழெட்டு வயது கூட இருக்கலாம். வலது காலில் கட்டு. சர்க்கரைப் புண்.

அந்த அக்காவின் ஒரே மகன் அமெரிக்காவில் கம்ப்யூட்டர் இன்ஜினியர். போய்ப் பத்து வருஷம் ஆகிவிட்டது. அங்கே நிரந்தரமாக இருக்க கிரீன் கார்டு அட்டை கேட்டு வரிசையில் நிற்கிறான். ஊருக்கு வந்து ஆறு வருஷம். வெளியே வந்தால் திரும்ப உள்ளே விட பாஸ்போர்ட்டில் புது விசா குத்த வேண்டும். குத்துகிற ஆபீஸோ நோய்க்காலத்தில் மூடிக் கிடந்தது. வந்து மாட்டிக்கொண்டால் வேலை போகும், அங்கே படிக்கிற பிள்ளைகளும் பெண்டாட்டியும் நடுத்தெருவில் நிற்பார்கள். அட்டைக்கு மனு உள்ளே போய்விட்டால் பிரயாண அனுமதி கிடைக்கும், ஓடி வந்துவிடலாம். "ஒரு தடவ அவன் மொகத்தப் பாத்துட்டா போதும்மா. அப்புறம் இந்தக் காலு இருந்தா இன்னா, போனா இன்னா," என்றார் அந்த அக்கா.

"பத்து வருஷமா வரிசை? அங்க இன்னா ரேஷன் கடையா?" என்று கேட்டுவிட்டேன்.

அண்ணன்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அங்கயும் கோட்டாதாம்மா. நாம ஜாதிக்கு இவ்ளோன்னு கேக்கறோம், அவன் நாட்டுக்கு இவ்ளோன்னு வெச்சிக்கினு இருக்கறான். சின்ன நாட்டுக்கும் அதே அளவு, நமக்கும் அதே அளவு. நம்மாளு ஜாஸ்தி, சீட்டு கம்மி. அந்த நாட்டுக் கணக்க எடுத்துடப் போறோம்னு சட்டம் பேசறாங்களாம். பேசிக்கினேதான் இருக்கறாங்க."

அந்த வருஷம் எப்படியோ வரிசை திடீரென்று நகர்ந்து கதவு கொஞ்சம் திறந்திருந்தது. வருஷக் கடைசிக்குள் மனு போட்டால் உண்டு. எல்லாக் காகிதமும் தயார், பிறப்புச் சான்று ஒன்றைத் தவிர. இருந்த சான்றில் அப்பா பேர், அம்மா பேர், தேதி, கள்ளக்குறிச்சி அரசு ஆஸ்பத்திரி, ஆண் என்று எல்லாம் இருந்தது. பிள்ளை பேர் இருக்க வேண்டிய இடம் வெறுமை. இதில் அதிசயம் ஒன்றுமில்லை. அந்தக் காலத்தில் பேர் வைக்கும் முன்பே பதிந்துவிடுவார்கள். அப்புறம் அதைச் சேர்க்க எவன் போவான்? எங்கள் பக்கம் பாதிப் பேர் வெறும் ஆணாகவும் பெண்ணாகவும்தான் பிறந்திருக்கிறோம். அதனால் அந்தப் பேரில்லாத குழந்தை இந்த மகன்தான் என்று தாயும், பிறந்தபோது கூட இருந்த உறவினர் ஒருவரும் தனித்தனியாக வாக்குமூலம் கொடுக்க வேண்டும். எப்படி எழுத வேண்டும் என்று மாதிரி ஒன்றை மகன் அனுப்பியிருந்தான். இங்கிலீஷில் இருந்தது.

தாய்மாமனுடையதை முதலில் அடித்தேன். படித்துக் காட்டினேன். ஆமா, ஆமா என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, மனுக் கூட்டத்தோடு போட்டோவுக்கு நிற்க எதிர்ப்பக்கம் போனார். பிறகு அந்த அக்காவுடையதை அடித்து, தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். "இவர் எனக்கு முதல் பிள்ளையாக, கள்ளக்குறிச்சி அரசு ஆஸ்பத்திரியில்..."

"இல்ல," என்றார்.

"இன்னா இல்ல?"

"இவன் மொத புள்ள இல்ல. ரெண்டாவது. மொதல்ல பொறந்தது போயிடுச்சு."

நான் காகிதத்தைக் கீழே வைத்தேன். அந்த அக்கா கடையில் கூட்டம் நிற்கிறதே என்றெல்லாம் பார்க்கவில்லை, சொல்ல ஆரம்பித்துவிட்டார். ஆஸ்பத்திரியில் பிறந்தது மூத்தவன். பதினோரு மாசத்தில் காய்ச்சல் கண்டு, இரண்டே நாளில் போய்விட்டான். இப்போது அமெரிக்காவில் இருக்கிறவன் அடுத்த வருஷம் பிறந்தான், முன்னொரு காலம் இதே ஒதுக்கீட்டுக்காக ரோடெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டு ஒரு வாரம் மறித்தார்களே, அந்த வாரத்தில். வண்டி வாசி எதுவும் போகவில்லை. கட்டிலில் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் முதல் மரத்திலேயே திரும்பிவிட்டார்கள். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வேலைக்கு வந்திருந்த ஒரு அம்மாதான் வீட்டிலேயே பிரசவம் பார்த்தது. "மரம் வெட்டுனவங்கள்ல எங்கண்ணனும் ஒண்ணு. அத நான் இதுவரைக்கும் கேட்டதில்ல. அந்த ஒதுக்கீட்டுலதான என் புள்ளைக்கு இன்ஜினியரிங் சீட்டு கெடச்சுது," என்றார்.

வீட்டில் பிறந்ததை யாரும் பதியவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் காகிதம் கேட்டார். பெட்டியில் இருந்த காகிதம் ஒன்றுதான். அதை அப்பா கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். பேரில்லாத காகிதம், யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தியது. அப்பா பிறகு தவறிவிட்டார். மகனிடம் இதை யாரும் சொல்லவில்லை.

"அவன் காயிதத்துலதான் இவன் படிச்சான். அவன் காயிதத்துலதான் ஏரோப்ளேன் ஏறுனான். அவன் இருந்தான்றதுக்கு இன்னா இருக்குது சொல்லு? பொதச்ச எடத்துல இப்ப மரவள்ளி நட்டுக்கினு இருக்கறாங்க. ஒரே ஒரு வரி போடும்மா. மொதல்ல ஒருத்தன் இருந்தான்னு."

அந்த இடத்தில் நான் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். தொழில் தெரிந்தவள் நான். ஆனால் எனக்கு மனசு வரவில்லை. கூடவே புத்திசாலித்தனமும் தலைக்கேறியது. தேதியையும் ஆஸ்பத்திரியையும் தொட வேண்டாம். முதல் பிள்ளை என்பதை இரண்டாம் பிள்ளை என்று மாற்றி, 'முதல் குழந்தை இறந்துவிட்டது' என்று ஒரு வரி சேர்த்தால் அமெரிக்காக்காரனுக்கு என்ன போச்சு என்று நினைத்தேன். சேர்த்தேன். மறுபடி படித்தேன். அந்த வரிக்கு அவர் சொன்ன ஆமா மற்றதைவிடச் சத்தமாக இருந்தது. இங்கே நோட்டரி வக்கீல் முத்திரை குத்திக் கொடுத்தார். இரண்டையும் ஸ்கேன் பண்ணி மகனுக்கு அனுப்பினேன்.

தாய்மாமன் கையெழுத்துப் போட்ட காகிதத்தில் 'முதல் பிள்ளை' என்று இருந்ததே, அது என் நினைவுக்கு வரவேயில்லை. அடுத்த ஊர் மனுவை எடுத்து அடிக்கப் போய்விட்டேன்.

ஆடி மாசம் ஒரு காலை, கடையைத் திறக்கிற நேரத்தில் போன் வந்தது.

"அக்கா, யாரக் கேட்டு அந்த வரிய அடிச்சீங்க?"

அமெரிக்காவிலிருந்து அந்த அக்காவின் மகன் என்று எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. மனு போடக் கடைசி நாள் என்பதால் அங்கே வக்கீல் சரியாகப் பார்க்காமல் உள்ளே அனுப்பிவிட்டார். இப்போது கேள்வி வந்திருந்தது. மாமன் முதல் பிள்ளை என்கிறார், தாய் இரண்டாம் பிள்ளை, முதல் குழந்தை செத்துவிட்டது என்கிறார். அப்படியானால் இந்தச் சான்று யாருடையது?

"எனக்கு அண்ணன் இருந்தான்றதே அமெரிக்காக்காரன் லெட்டர் போட்டுத்தான் எனக்குத் தெரியுதுக்கா," என்றான். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அழுதான். நான் சமாதானம் சொல்லத் தெரியாமல் "இருப்பா, இருப்பா" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

பதில் அனுப்பக் கெடு வைத்திருந்தார்கள். எல்லோரும் பேசி ஒரு வழி கண்டார்கள். தாய் புதிதாக வாக்குமூலம் கொடுப்பது. இவரைத் தவிர எனக்கு வேறு பிள்ளை பிறக்கவில்லை, முன்பு கொடுத்ததில் இருந்தது தட்டச்சர் செய்த பிழை, என்று. என் பிழைப்பிலேயே நான் அடித்த பெரிய உண்மையை நானே பிழை என்று அடிக்க வேண்டியிருந்தது. பக்கத்துக் கடைக்காரன் கேட்டால் நன்றாகச் சிரித்திருப்பான். எனக்கு மானம் போவது பற்றிய கவலைகூட அன்று இல்லை.

ஆட்டோவில் வந்தார்கள். அந்த அக்காவுக்கு வலது காலில் மூன்று விரலைப் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் எடுத்திருந்தார்கள். இறக்க வேண்டாம், நானே வருகிறேன் என்று காகிதத்தோடு ஆட்டோவுக்குப் போனேன். "படிக்காத கொடும்மா, கையெழுத்துப் போட்டுடட்டும்," என்றார் அண்ணன்காரர். எனக்கும் அதுவே நல்லது என்று பட்டது.

"படி," என்றார் அந்த அக்கா. "அன்னிக்குப் படிச்சல்ல?"

படித்தேன். பேருக்கு ஆமா. ஊருக்கு ஆமா. ஆஸ்பத்திரிக்கு ஆமா. "இவரைத் தவிர எனக்கு வேறு பிள்ளை எதுவும் பிறக்கவில்லை." அவர் என்னைப் பார்க்கவில்லை. தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்கிறவர்களைப் பார்த்தபடி இருந்தார். வண்டியை அணைத்திருந்ததால் நன்றாகக் கேட்டது. "ஆமா." பிறகு கையெழுத்துப் போட்டார். வளைந்து வளைந்து, நான்கு எழுத்துக்கு வெகுநேரம் எடுத்துக்கொண்டார். பெற்றவளை இப்படிச் சொல்ல வைத்த பாவத்தில் எனக்குப் பாதி உண்டு. எந்தக் கோயிலில் போய்க் கொட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

பதில் போய்ச் சேர்ந்தது. ஆனால் அதற்குள் வரிசையைப் பின்னால் தள்ளிவிட்டார்கள். கதவு சாத்தியாயிற்று. பைல் செல்லும், ஆனால் காத்திருக்க வேண்டும் என்றார்கள். பிரயாண அனுமதியும் அதே பைலோடு மாட்டிக்கொண்டது. அவனோடு அதே வாரம் மனு போட்ட திருக்கோவிலூர்ப் பையனுக்கு அட்டை வந்துவிட்டது. அவன் குடும்பத்தோடு ஊருக்கு வந்து, நண்பன் கொடுத்தனுப்பிய ஸ்வெட்டரையும் மாத்திரையையும் அந்த அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனானாம். அந்த அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லையாம். அண்ணன்காரர் ஏதோ மனு அடிக்க வந்தபோது சொன்னார். அவர் கேட்டுப் போராடிய தனி ஒதுக்கீடும் சட்டமாக வந்து, அந்த வருஷமே கோர்ட்டில் ரத்தாகியிருந்தது. அதைப் பற்றிக் கேட்டேன். கையை விரித்தார்.

தை முடிவதற்குள் அந்த அக்கா போய்விட்டார். புண் மேலேறி, காலை எடுத்தும் நிற்கவில்லை. மகன் வரவில்லை. வந்தால் எல்லாம் கலையும் என்று அங்கே வக்கீல் சொன்னாராம். அதையும் மீறிக் கிளம்பியவனைப் பெண்டாட்டி பிள்ளைகளைக் காட்டி நிறுத்தினாளாம். அண்ணன்தான் கொள்ளி வைத்தார். நான் போயிருந்தேன். யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

காரியம் முடிந்து சில நாள் கழித்து மறுபடி காலையில் அவன் கூப்பிட்டான். குரலில் கோபமில்லை. கொஞ்ச நேரம் என் கடையைப் பற்றி, வெயிலைப் பற்றி விசாரித்தான். பிறகு கேட்டான்.

"அக்கா, எங்கண்ணன் பேரு இன்னா?"

"உங்க மாமனக் கேளுப்பா."

"கேட்டேன். அப்பிடி யாருமே இல்லடான்னு சொல்லிட்டாரு. போன்ல எவனாவது ஒட்டுக் கேட்டு அட்டைக்கு ஆபத்து வந்துடுமோன்னு பயம். இனிமே செத்தாலும் சொல்ல மாட்டாரு. ஊர்ல வேற யாருக்கும் ஞாபகம் இல்ல. எங்கம்மா உங்ககிட்டதான எல்லாத்தயும் சொல்லிச்சு?"

சொன்னார்தான். காய்ச்சல் எத்தனை நாள் இருந்தது என்று சொன்னார். எந்த நிலத்தில் புதைத்தது என்று சொன்னார். நானும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தாலுகா ஆபீஸ் வாசலில் எவன் வந்து நின்றாலும் நான் முதலில் கேட்கிற கேள்வி பேர் என்ன என்பதுதான். அன்று கேட்கவில்லை.

"நான் கேக்கலப்பா," என்றேன்.

"சரிக்கா," என்றான்.