தண்ணீரில் கரைந்த கறுப்பு

என் அக்கா புருஷன் சாலைக்குத் தார் போடுகிறவர். அத்தான் வேலை முடிந்து வந்தால் கதவுப்பிடியில் கறுப்பு, தலையணையில் கறுப்பு, மகள் கன்னத்தில்கூடக் கறுப்பு. "குளிச்சுட்டுப் புள்ளையைத் தூக்குங்க" என்று அக்கா கத்தித் தொண்டை வற்றியதுதான் மிச்சம். மனுஷன் காதில் போட்டுக்கொண்டால்தானே! மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்தால்தான் அந்தக் கறை போகும்.

ஒருமுறை பிள்ளைக்குக் காலில் அடி. அத்தான் தன் முதுகுவலி மாத்திரையைப் பாதியாக உடைத்து, அவள் அழும்போதெல்லாம் கொடுத்தார். பெரும்பாலும் வெறும் வயிற்றில். "நான் முழுசா முழுங்கியே ஒண்ணும் ஆகல, பாதி என்ன பண்ணிடும்?" என்றார். வலி நின்றது. பிள்ளை மட்டும் வெளுத்துப்போய்ச் சுருண்டு சுருண்டு படுத்தாள். அவள் ஜட்டியில் பிசுபிசுவென்று ஒட்டியிருந்த கறுப்பைப் பார்த்து, "உங்க தாரை இதுலயும் துடைச்சாச்சா?" என்று அக்கா புருஷனைத் திட்டினாள். அவரும் அசடு வழியச் சிரித்தார்.

அலசப் போனது நான். மண்ணெண்ணெய் எடுப்பதற்குள் வெறும் தண்ணீரிலேயே கறுப்பு கரைந்தது. தண்ணீர் சிவந்தது. கெட்ட நாற்றம் அடித்தது. "அத்தான், இது தார் இல்ல, ரத்தம்!" என்று அலறினேன். சத்தம் கேட்டு எழுந்த பிள்ளை, நின்ற இடத்திலேயே மயங்கிச் சரிந்தாள்.

மருத்துவமனையில் ரத்தம் ஏற்றினார்கள். "இரைப்பையில புண்ணாகிக் கசிஞ்சிருக்கு. அங்க கசியுற ரத்தம் கீழ வர்றதுக்குள்ள கறுத்துடும். வலி மாத்திரையை இஷ்டத்துக்குக் கொடுத்தீங்களா?" என்றார் டாக்டரம்மா. அத்தான் சட்டைப்பையிலிருந்த மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார்.

பிள்ளை பிழைத்தாள். அவர்தான் இன்னும் மீளவில்லை. அவள் கழிப்பறைக்குப் போனால் வெளியே நிற்பார். "என்ன நிறம்மா?" என்பார். அவள் தூங்கும்போது கீழிமையை இழுத்து, உள்ளே சிவப்பு இருக்கிறதா என்று பார்ப்பார். அவள் எட்டாம் வகுப்புக்கு வந்த பிறகும் இதே கூத்துதான். "விடுங்களேன் அத்தான், வயசுப் பொண்ணு!" என்று சண்டை போட்டிருக்கிறேன். போட்ட பிறகு அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்காது.

போன வாரம் பள்ளியிலிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். உதடு வெளுத்திருந்தது.

"எப்பலேருந்துடி?"

"நாலஞ்சு நாளா, சித்தி. கறுப்பாத்தான் போகுது."

"அடிப்பாவி! அப்பா தினம் கேக்குறாரே, ஏன் சொல்லல?"

"மஞ்சள்னு சொல்லிட்டேன். நெசத்தைச் சொன்னா அப்பா செத்துருவாரு, சித்தி."