விமானத்தில் அத்தை வெட்டிய நூல்

நான் இதுவரை விமானத்தில் ஏறியதில்லை. இனி ஏறுவதாகவும் இல்லை. எனக்குப் பயம் என்று என் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஒரு விமானம் என்னை ஏற்றிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு ஏற்றாமல் போனது. இனி அதுவே வீட்டு வாசலில் வந்து நின்று கூப்பிட்டாலும் நான் போவதாயில்லை.

அப்போது நான் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். இரண்டாயிரம் பிறந்து ஓரிரு ஆண்டுகள் ஆகியிருக்கும். எங்கள் வீடு பெருமாநல்லூரில். அப்பாவுக்குச் சாயப்பட்டறையில் வேலை. அப்பாவின் தங்கையான அத்தையும் எங்களோடுதான் இருந்தாள். கல்யாணமாகிப் போனவள் ஒரு நாள் தகரப் பெட்டியோடு திரும்பி வந்தாள். ஏன் வந்தாள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. வந்த மறுவாரமே பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள்.

தைத்து வந்த பனியனை மேசையில் விரித்து, உள்ளங்கையால் தடவி, ஓட்டையோ கறையோ தையல் பிசகோ இருக்கிறதா என்று பார்ப்பதுதான் செக்கிங். பிசகு இருந்தால் ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளி வைக்க வேண்டும். பிசிராகத் தொங்கும் நூலையும் வெட்டிவிட வேண்டும். அதற்கென்று விரல் நீளத்தில் ஒரு கத்தரி உண்டு. டிரிம்மர் என்பார்கள். அதைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்வார்கள். அத்தையின் கழுத்தில் அதைத் தவிர வேறு எதுவும் கிடையாது. வீட்டுக்கு வந்த பிறகும் கழற்ற மறந்துவிடுவாள். விசேஷ வீடுகளில் பக்கத்தில் இருப்பவரின் சட்டையில் நூல் தொங்கினால் கேட்காமலே வெட்டிவிடுவாள். எங்கள் தெருவில் பாதிப் பெண்கள் அப்படித்தான். யாரும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை.

உடுமலைக்குத் தெற்கே, அமராவதி நகர் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு பழைய ஓடுதளம் இருந்தது. வருஷம் முழுவதும் அதில் மக்காச்சோளம்தான் காயும். அந்த வருஷம் சில பெரிய மனிதர்கள் சேர்ந்து அதைக் கூட்டிப் பெருக்கி, ஒரு சனி ஞாயிறில் பழைய காலத்து விமானங்களை அங்கே வரவழைத்தார்கள். அத்தையின் முதலாளியும் அவர்களில் ஒருவர். வருகிற விருந்தாளிகளுக்காக விமானப் படம் போட்ட பனியன்களை அவர் கம்பெனியில்தான் தைத்தார்கள். தொழிலாளர் பிள்ளைகளில் ஒருவனை விமானத்தில் ஏற்றி ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவதாகவும் அவர் சொல்லியிருந்தார்.

யாரை ஏற்றுவது என்பதற்கு சூப்பர்வைசர் ஒரு வழி கண்டுபிடித்தார். பழைய விமானம், பாரம் தாங்காது, எடை குறைந்தவன் போகட்டும் என்றார். துணி எடை போடும் தராசில் பிள்ளைகளை ஒவ்வொருவராக ஏற்றினார். என் வாழ்க்கையில் நான் முதலாவதாக வந்த ஒரே போட்டி அதுதான்.

வந்த பெருமை கைவிட்டுப் போய்விடக் கூடாதே என்று அந்த வாரம் முழுவதும் நான் அரை வயிறுதான் சாப்பிட்டேன்.

"தின்னு கண்ணு. ரெண்டு இட்லிக்கெல்லாம் பிளேன் உழுந்துறாது" என்பாள் அத்தை.

ஏற்றுமதி அவசரம் என்று அந்த ஞாயிறு காலையிலும் கம்பெனியில் வேலை இருந்தது. வேலை முடிந்ததும் கழுத்தில் மாட்டிய டிரிம்மரோடு அப்படியே பெண்கள் எல்லாரும் வேனில் ஏறிக்கொண்டார்கள். நான் அத்தையின் மடியில் உட்கார்ந்து போனேன்.

விமானங்கள் நான் நினைத்ததைவிடச் சிறியவையாக இருந்தன. சிலவற்றுக்கு இறக்கைகள் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு. நான் ஏற வேண்டியது மஞ்சள் நிறத்தில் இருந்தது. அதை ஓட்டி வந்த நரைமீசைக்காரருக்குத் தமிழ் தெரியாது. என்னைப் பார்த்ததும் தன் தோல் தொப்பியைக் கழற்றி என் தலையில் மாட்டிவிட்டார். அது என் மூக்குவரை இறங்கியது. எண்ணெயும் வியர்வையும் கலந்து மணத்தது. அந்த மணம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

செக்கிங் பெண்கள் விமானத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். அத்தை இறக்கைமேல் உள்ளங்கையை வைத்துத் தடவினாள்.

"ஏனுங்கக்கா, இது துணிங்க" என்றாள்.

"துணியா? பிளேனா?"

"மேல பெயிண்ட் அடிச்சிருக்காங்க. பாருங்க, தையலு தெரியுது."

"இங்க ஒட்டுப் போட்டிருக்குதடி."

"அப்ப ரிஜெக்ட்டு. ஸ்டிக்கர ஒட்டித் தள்ளி வையி."

எல்லாரும் சிரித்தார்கள். என்னவென்று புரியாமலே மீசைக்காரரும் சிரித்தார். அந்த நேரத்தில்தான் அத்தை அதைப் பார்த்தாள். ஓட்டுகிறவர் உட்காரும் இடத்துக்கு முன்னால், கண்ணாடியின் அடியில், ஒரு சாண் நீளத்துக்குச் சிவப்பு நூல் ஒன்று காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அவள் கை கழுத்துக்குப் போனதையும் திரும்பி வந்ததையும் நான் பார்த்தேன். அடுத்த நொடி நூல் அவள் உள்ளங்கையில் இருந்தது.

மீசைக்காரரின் சிரிப்பு நின்றது. ஏதோ சொன்னார். சூப்பர்வைசர் ஓடி வந்து அவரிடம் கேட்டுவிட்டு அத்தையிடம் திரும்பினார். அவர் தெற்கத்திப் பக்கத்துக்காரர்.

"எக்கா, அது பிசிரு இல்லக்கா. காத்து எந்தப் பக்கம் தள்ளுதுன்னு அந்த நூலப் பாத்துத்தான் ஓட்டுவாராம்."

அத்தை நாக்கைக் கடித்துக்கொண்டாள். உடனே கழுத்திலிருந்து டிரிம்மரைக் கழற்றினாள். அது கோத்திருந்த கயிறும் சிவப்புதான். மிஞ்சிய தையல் நூலை அவளே திரித்தது. பழைய நூலை அதன்மேல் வைத்து அளவு பார்த்து வெட்டினாள். ஒரு புரியைப் பிரித்து, இருந்த இடத்திலேயே கட்டிவிட்டாள். டிரிம்மரை இடுப்பில் செருகிக்கொண்டாள். மீசைக்காரர் குனிந்து நூலை ஊதிப் பார்த்தார். அது ஆடியது. அவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவர் பந்தலிலிருந்து வந்துவிட்டார். அன்றைய ஏற்பாடுகள் எல்லாம் அவர் பொறுப்பு. பந்தலில் இருந்த விருந்தாளிகள் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"யாரு வெட்டினது?"

"நாந்தானுங்க. தெரியாம வெட்டிட்டனுங்க. அப்பவே கட்டியும் குடுத்துட்டனுங்க."

"கட்டிட்டா ஆச்சா? விருந்தாளி பிளேன்ல கத்தரி வெச்சிருக்கீங்க. பந்தலுக்கு வந்து மைக்குல எல்லாரு முன்னாடியும் மன்னிப்புக் கேளுங்க."

"இவுருகிட்ட வேணா சொல்றனுங்க. இவுரு பிளேனு. பந்தல்ல இருக்கறவிய நூல நான் வெட்டலீங்களே."

பெண்களில் யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மீசைக்காரர் போகட்டும் என்பதுபோலக் கையை ஆட்டினார். தொப்பிக்காரர் அதைப் பார்க்கவில்லை. அந்தச் சிரிப்புத்தான் அவர் காதில் விழுந்தது.

"கேக்கலீன்னா பையனும் ஏற வேண்டாம்" என்றார்.

சூப்பர்வைசர் அத்தையின் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார். "ஒரு வார்த்ததானக்கா. சொல்லிட்டா முடிஞ்சிரும். பையன் மூஞ்சியப் பாருங்க."

அதுவரை அத்தையின் முகத்தில் பாதிச் சிரிப்பு இருந்தது. 'ஒரு வார்த்தை' என்றதும் அது போய்விட்டது. அவள் என் முன்னால் குனிந்தாள். தொப்பியை மேலே தூக்கி என் கண்களைப் பார்த்தாள்.

"கண்ணு, நீ சொல்லு. கேளுன்னா போய்க் கேட்டுட்டு வாறேன்."

கேள் அத்தை, கேள் என்றுதான் எனக்குள் கத்திக்கொண்டிருந்தது. ஆனால் இத்தனை பேர் பார்க்கும்போது எனக்கு வாய் வராது. பள்ளிக்கூடத்தில் பெயர் கேட்டாலே தலையைக் குனிகிறவன் நான். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினேன். கழற்றியதை என்ன செய்வது என்று தெரியாமல் மீசைக்காரரிடம் நீட்டினேன்.

அத்தை நிமிர்ந்தாள்.

"பாத்துக்கங்க. எங்க பையனே வேண்டாம்னுட்டான்" என்றாள்.

என் கூச்சத்தை ஒருவர் வீரம் என்று எடுத்துக்கொண்டது அந்த ஒரு முறைதான்.

கூட்டத்தைத் தடுக்க ஓடுதளத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றைத் தூக்கி, குனிந்து நாங்கள் வெளியே வந்தோம். சோளத்தட்டை குத்தும் காட்டு வழியே நடந்து, சாலைக்கு வந்து பஸ்ஸுக்கு நின்றோம். மஞ்சள் விமானம் எங்கள் தலைக்கு மேலே வந்தது. எனக்குப் பதிலாக விருந்தாளி வீட்டுப் பையன் ஒருவன் அதில் இருந்தான். என்னைப்போல இரண்டு பேர் எடை இருப்பான். விமானம் ஒன்றும் சொல்லாமல் அவனைத் தூக்கிக்கொண்டு போனது. நான் திரும்பி நின்றுகொண்டேன்.

"நம்ம நூலு எப்படி ஆடுது பாரு" என்றாள் அத்தை.

"அத்தன ஒசரத்துல நூலு எப்படித் தெரியும்?"

"கட்டுனவளுக்குத் தெரியும்."

விளக்கு வைக்கும் நேரத்தில் அப்பா வந்தார். வேனில் திரும்பியவர்கள் அவரிடம் சொல்லியிருந்தார்கள். சாயம் ஏறிய கையோடு வாசலில் நின்றே கேட்டார்.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா பையன் ஏறியிருப்பானல்ல? ஒரு வார்த்தைல உனக்கு என்ன கொறஞ்சு போகுது?"

அத்தை அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"அன்னிக்கும் இதையேதானுங்ண்ணா சொன்னீங்க."

அப்பா கை கழுவப் போனார். சாயம் கழுவினால் போகாது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை வேலைக்கு வர வேண்டாம் என்று அத்தைக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவள் போனாள். புதுக் கயிற்றில் டிரிம்மரைக் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, தன் மேசையில் போய் நின்றாள். சரக்கு அனுப்பும் அவசரம், யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

பெட்டியோடு அவள் வந்த கதையை, நான் மீசை முளைத்து அதே கம்பெனியில் வேலை செய்யும்போதுதான் அம்மா சொன்னாள். செய்யாத ஒன்றுக்கு உறவுக்காரர்கள் கூடிய இடத்தில் மன்னிப்புக் கேட்டால் அத்தையை வைத்துக்கொள்வதாக மாமனார் வீட்டில் சொன்னார்களாம். ஒரு வார்த்தைதானே என்று அப்பாவும் சொன்னாராம். அன்று அவள் பக்கத்தில் ஒருவரும் நிற்கவில்லை.

அந்த ஞாயிறு மாலை எனக்கு இது எதுவும் தெரியாது. 'அன்னிக்கு' என்றால் என்றைக்கு என்றுகூடக் கேட்கத் தோன்றவில்லை. பறக்காமல் வந்தவனுக்கு ஒரு வாரத்துப் பசி இருந்தது. அத்தை எனக்குச் சோறு போட்டாள். தன் பங்கு முட்டையையும் என் தட்டில் வைத்தாள்.

"தின்னு கண்ணு. இனி எட கூடுனா ஆரு கேக்கறா?"

சாப்பிட்டு முடிக்கும்வரை அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன் அப்படிப் பார்க்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. நான் குனிந்து தின்றுகொண்டிருந்தேன்.