மஞ்சுளாவின் மூன்று அழைப்புகள்

ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் வாக்கி-டாக்கி இணைப்புகளைப் பராமரிப்பது என் வேலை. ஒருநாள் கிரேன் நிற்காமல் நகர்ந்து ஒரு தொழிலாளியின் கால் நசுங்கியது. கிரேன் ஓட்டுநருக்குத் தகவல் சொல்லும் ஒப்பந்தப் பணியாளர் மஞ்சுளா, "நிறுத்தச் சொல்லி மூணு தடவ கூப்பிட்டேன் சார்" என்று அழுதார். விசாரணையில் நான், "செட்டுல கோளாறு இல்ல. பட்டனை அழுத்தாம பேசியிருப்பாங்க" என்றேன். அன்றே அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

அறிக்கை எழுதுவதற்காக, அழைப்பை வாங்கித் தொலைவுக்குக் கடத்தும் ரிப்பீட்டர் கருவிகளுக்கு இடையே ஓடும் தரவைப் பதிவுசெய்திருந்த கோப்பை மறுநாள்தான் திறந்தேன். மஞ்சுளாவின் செட்டிலிருந்து மூன்று அழைப்புகள் வந்திருந்தன. முதல் ரிப்பீட்டர் வாங்கி அனுப்பியிருந்தது; இரண்டாவது ஏற்காததால் ஓட்டுநருக்கு எதுவும் போய்ச் சேரவில்லை. விபத்துக்கு முதல் நாள் அதன் அமைப்பைத் தவறாக மாற்றியவன் நான்.

மேலாளரிடம் காட்டினேன். "அழிச்சிடுப்பா. காண்ட்ராக்ட் ஆளுதானே, வேற கம்பெனிக்குப் போயிக்கும்" என்றார். நான் அழிக்கவில்லை. தவறு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்திட்டு, தொழிற்சங்கத்துக்கும் ஒரு நகல் கொடுத்தேன்.

மஞ்சுளாவைத் திரும்ப எடுத்தார்கள். மூக்கண்டப்பள்ளியில் அவர் வீட்டுக்குப் போய், கோப்பில் கண்டதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"என்மேல பழி போடறதுக்கு முன்னாடி அதத் தொறந்து பாத்திருக்கலாமே சார்?" என்றார்.

மேலாளரை நினைத்தால் இன்றும் ஆத்திரம் வருகிறது. ஆனால் அவருக்கும் முன்னால் மஞ்சுளாவை நம்ப மறுத்தவன் நான்தான்.