தேன் இல்லாத தேன் கேக்

என் மனைவிக்குத் தேன் ஆகாது என்பது கல்யாணமாகிச் சில வருடங்கள் கழித்துத்தான் தெரிந்தது. குற்றாலத்தில் வாங்கிவந்த மலைத்தேனை, உடம்பு குறையும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, காலையில் வெந்நீரில் கலந்து குடித்தாள். கொஞ்ச நேரத்தில் உதடு பணியாரமாக உப்பிவிட்டது. தொண்டையெல்லாம் அரிப்பு. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஊசி போட்ட டாக்டர், இனித் தேனும் வேண்டாம், தேன் சேர்ந்த எதுவும் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

திரும்பும் வழியில் அவள் கேட்டது ஒன்றுதான்.

"அப்போ தேன் கேக்கு?"

சிவப்பு ஜாம் தடவி, தேங்காய்த் துருவல் தூவி, பேக்கரிக் கண்ணாடிக்குள் ஈரமாக மின்னும் அந்தக் கேக் என்றால் அவளுக்கு உயிர். அதற்குப் பிறகு பேக்கரிக்குப் போனால் அந்தத் தட்டை மட்டும் பார்க்காத மாதிரி நிற்பாள். நான் பார்ப்பேன், அவள் பார்க்காமல் இருப்பதை.

எனக்குத் துறைமுகத்தை ஒட்டிய ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலை. ஊரடங்கு நாட்களில் பொழுது போகாமல் கேக் சுடப் பழகியிருந்தேன். போன வருடம் அவள் பிறந்தநாள் நெருங்கியபோது, தேனுக்குப் பதிலாக வேறு எதையாவது ஊற்றி ஒரு தேன் கேக் செய்துவிடுவது என்று முடிவெடுத்தேன்.

முதலில் பேரீச்சம்பழ சிரப். கேக்கின் மேல் ஊற்றியதும் கன்னங்கரேல் என்று ஊறிக்கொண்டது. மனைவி தட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தாள்.

"கப்பல் இன்ஜின்ல இருந்து வடிச்சு எடுத்துட்டு வந்தியளா?"

அடுத்தது கருப்பட்டிப் பாகு. கடையில் சின்னச் சின்னதாக அழகாக இருந்ததை வாங்கிவந்து காய்ச்சினேன். கேக்கின் நிறம் பிரமாதமாக வந்தது. ஒரு வாய் வைத்தவள் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள்.

"சில்லுக் கருப்பட்டியவா வாங்குனிய? அதுல சுக்கும் மிளகும் போட்டிருப்பாவல்லா!"

நானும் தின்று பார்த்தேன். தொண்டைக்குள் காரம் இறங்கியது. அன்று எனக்கு லேசாகச் சளி பிடித்திருந்ததால் பாதிக் கேக்கை நானே முடித்தேன்.

மூன்றாவதாகப் பதனீர். உடன்குடிப் பக்கமிருந்து வேலைக்கு வரும் நண்பர் ஒருவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கேன் நிறையக் கொண்டுவந்து தந்தார். நேரமாக ஆக அது புளித்துவிடும் என்பதால் உடனே அடுப்பில் ஏற்றினேன். இரண்டு தடவை பொங்கி அடுப்பை நனைத்தது. வீடு முழுக்க இனிப்பு வாசம். கெட்டியாகிக் கருப்பட்டி ஆவதற்கு முன்பே இறக்கி ஆறவைத்தபோது, நிறமும் இழுவையும் அசல் தேன் போலவே இருந்தன. அதை ஊற்றிய கேக்கை அவள் மெதுவாக, மரியாதையாகத் தின்றாள்.

"நல்ல ருசியா இருக்குங்க. ஆனா..."

"தேன் கேக்கு இல்ல," என்றேன் நான்.

"அதுல விரல வச்சு அமுக்குனா பாகு கசியணும். இது ஊறி உதிருது."

அந்தக் கசிவு எப்படி வருகிறது என்று கேட்கத்தான் மறுநாள் மாலை பேக்கரிக்குப் போனேன். முதலாளி அண்ணாச்சி ஒளிக்காமல் சொன்னார்.

"இன்னைக்குச் சுட்ட கேக்குல இன்னைக்கே ஊத்தக் கூடாது. ஒரு நாள் போட்டு வைக்கணும். அப்புறம் இளஞ்சூடா பாகு விடணும்."

"நீங்க விடுறது எந்த ஊர்த் தேன்?"

"தேனா?" அவர் சிரித்துவிட்டார். "அது பேர்லதாம் இருக்கு. சீனிப்பாகும் எசன்ஸும்தாம் நாங்க விடுதது. செல கடையில வாசத்துக்குத் தேன் சேப்பாவ. இங்கன தேன் பாட்டிலே கெடையாது."

நான் தேடிய தேடலில் சீனியை மட்டும் ஒரு பொருட்டாகவே நினைத்திருக்கவில்லை. கடை வாசலில் நின்று மனைவிக்குப் போன் போட்டேன். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் அவள். எதையும் இரண்டு முறை சரிபார்க்காமல் விடமாட்டாள். ஸ்கூட்டரில் வந்து இறங்கியதும் அண்ணாச்சியை விசாரிக்கத் தொடங்கினாள்.

"ஜாம்ல தேன் உண்டா?"

"இல்லம்மா."

"எசன்ஸுல?"

"வெறும் வாசந்தாம்மா." எசன்ஸ் பாட்டிலையே எடுத்துக் காட்டினார்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "படிக்கும்போது இதே கடையில எவ்வளவு தின்னிருப்பேன்! ஒரு நாளாவது உதடு வீங்குச்சா? நம்ம ரெண்டு பேருக்கும் ஏங்க இது தோணல?"

அண்ணாச்சி ஒரு துண்டைத் தட்டில் வைத்து நீட்டினார். அவள் முதலில் ஒரு ஓரத்தைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு காத்திருந்தாள். நான் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. மீதியை இரண்டே வாயில் முடித்துவிட்டு அடுத்த துண்டுக்குக் கை நீட்டினாள். முகவாயில் ஜாம் ஒட்டியிருந்தது. அத்தனை சந்தோஷமான முகத்தைப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

பிறந்தநாளன்று மேஜையில் இரண்டு கேக் வைத்தோம், பேக்கரியில் வாங்கியது ஒன்று, நான் பதனீர்ப் பாகு ஊற்றிச் செய்தது ஒன்று. வந்தவர்களுக்கெல்லாம் என் கேக்கை வெட்டிக் கொடுத்து, "எங்க வீட்டுக்காரரு செஞ்சது" என்று வாய் நிறையச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் தட்டில் மட்டும் அதில் ஒரு துண்டுகூட இல்லை.