மழையில் விரியாத குடை

தொண்ணூறுகளின் நடுவில், இலங்கையின் தெரணியகலை பஜாரில் நடந்தது இது. வெசாக் பண்டிகை முடிந்து நாளாகியும் கடைவாசல்களில் விளக்குக் கூடுகள் நனைந்து, காகிதம் கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தன. எங்கள் பக்கத்து மழை பிடித்தால் விடாது.

எனக்குத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை வேலை கிடைத்திருந்தது. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் முதல் டீச்சர் நான்தான். திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும், கட்டிக்கொண்டு போக ஒரு நல்ல சேலை இல்லை. அப்பாவின் பெரிய கறுப்புக் குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

நான் போன துணிக்கடையில் வாசலிலேயே ஒரு வாளி வைத்திருப்பார்கள். நனைந்த குடையை அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வாளிக்கு மேலே கம்பியில் பிள்ளைச் சட்டைகள் வரிசையாகத் தொங்கும். பக்கத்தில் காசு மேசையில் முதலாளியின் மனைவி. பஜாரில் யாருக்கும் அவரைப் பிடிக்காது. உள்ளே வருபவரின் கையைப் பார்ப்பார், வெளியே போகிறவரின் இடுப்பைப் பார்ப்பார். தோட்டத்து ஆட்கள் என்றால் இரண்டு தடவை பார்ப்பார் என்பது எங்கள் லயத்துப் பேச்சு.

பள்ளிக்கூட வேலைக்கு என்று துணி காட்டியவனிடம் சொல்லி, எந்தச் சேலை எடுப்பது என்று நான் திணறிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற ஒரு பெண் உதவிக்கு வந்தார். அழகாகக் கொண்டை போட்டு, கைப்பை மாட்டி, மணக்க மணக்க நின்றார்.

"டீச்சர் வேலைக்கா? அப்ப இந்த இளநீலத்த எடுங்க. உங்களுக்கு எடுப்பா இருக்கும்."

முதல்முதலாக ஒருவர் வாயால் 'டீச்சர்' என்று கேட்டதில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அதையே எடுத்தேன். அவர் பிள்ளைச் சட்டை பார்க்க வாசல் பக்கம் போய்வந்தார். நான் பணத்தைக் கொடுத்து, வாளியிலிருந்து குடையை எடுத்து, படியில் நின்று விரித்தேன்.

தலையில் ஏதோ மெத்தென்று விழுந்தது. பிறகு தோளில். கீழே பார்த்தால் இரண்டு பிள்ளைச் சட்டைகள், ஒரு சோடிக் காலுறை, ஒரு லேஸ் சுருள். எல்லாவற்றிலும் அந்தக் கடையின் விலைச்சீட்டு.

தகரக் கூரையில் மழை இரைந்த இரைச்சலில் கடையின் உள்பக்கம் நின்றவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் காசு மேசையில் இருந்த முதலாளியம்மா பார்த்துவிட்டார். எழுந்து வந்து, கீழே கிடந்ததை ஒரே வாரில் அள்ளி, என் மணிக்கட்டைப் பிடித்து உள்ளே இழுத்தார். துணி காட்டிய ஆளும் ஓடிவந்தான்.

"தோட்டத்து ஆளுங்க இப்பிடித்தாங்க. பொலிசுக்குச் சொல்லிருவோம்" என்றான்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த அந்தக் காலத்தில் ஒரு தமிழ்ப் பெண் பொலிஸ் வாசலை மிதித்தால், எதற்காக என்று யார் கேட்பார்கள்? திங்கட்கிழமை, இளநீலச் சேலை, வேலை, அப்பாவின் முகம் எல்லாம் ஒன்றாகக் கண்ணுக்குள் வந்து போயின. "நான் எடுக்கலீங்கம்மா" என்பதைத் தவிர வேறொன்றும் வரவில்லை.

அந்த அம்மா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. வாளியைப் பார்த்தார். அதில் என்னுடையதைப் போலவே வளைந்த பிடியோடு இன்னொரு கறுப்புக் குடை நின்றது.

"எடுத்தவ, எங் கண்ணு முன்னால வந்து நின்னா கொடைய விரிப்பா?" என்று துணி காட்டியவனைக் கேட்டார். "யாரோ தன் கொடைன்னு நெனச்சு இதுல போட்டிருக்காங்க. கொடைய எடுக்க வரட்டும். நீ இங்க குந்து புள்ள. வாயத் தொறக்காத."

மேசைக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவர் ஒன்றுமே நடக்காததுபோல் பில் போட்டார். எனக்கோ கடையில் நின்ற எல்லோரும் திருடர்களாகத் தெரிந்தார்கள். சேற்றுக்காலோடு சாக்குப்பை பிடித்து நின்ற ஒருவர், எதைத் தொட்டாலும் "கீயத?" என்று சிங்களத்தில் விலை கேட்டு, எதையும் வாங்காமல் நகர்ந்தார். இவர்தான் என்று மனதுக்குள் தீர்ப்பே எழுதிவிட்டேன். அவர் கடைசியில் ஒரு துவாய்த் துண்டை வாங்கிக்கொண்டு, சாக்கைத் தலையில் கவிழ்த்து மழையில் இறங்கினார். குடையே கொண்டுவரவில்லை அந்த மனிதர்!

அடுத்து அந்தக் கொண்டைக்காரப் பெண் வந்தார். என்னைப் பார்த்து, "இன்னும் போகலியா டீச்சர்?" என்று சிரித்தார். வாளியில் இருந்த கறுப்புக் குடையை எடுத்தார். அதை விரிக்காமல், மடித்தபடியே அக்குளில் இடுக்கிக்கொண்டு, கொட்டுகிற மழையில் படியிறங்கினார். பட்டுப்போன்ற சேலை இரண்டு எட்டில் தொப்பலாக நனைந்தது.

"மிஸ், மழ கொட்டுதே. கொடைய விரிங்க!" என்றார் மேசையம்மா.

"பரவாயில்லீங்க, பஸ் ஸ்டாண்ட் கிட்டத்தானே."

"இருங்க, நானே விரிச்சுத் தர்றேன்."

அவர் பதில் சொல்லுமுன் அம்மா இறங்கிப்போய், குடையை வாங்கி, அவர் தலைக்கு மேல் விரித்தேவிட்டார். ஒன்றும் விழவில்லை. உள்ளே ஒன்றுமில்லை.

குடை விரிந்தால் யாரும் பாதையைத்தான் பார்ப்பார்கள். அந்தப் பெண் அண்ணாந்து குடைக்குள்ளே பார்த்தார். கம்பி கம்பியாகப் பார்த்தார். பிறகு வாளியை, பிறகு என் மடியில் கிடந்த குடையை.

"தேடுறது எங்ககிட்ட பத்திரமா இருக்குங்க மிஸ்" என்றார் அம்மா, குரலை உயர்த்தாமல்.

அந்தப் பெண் குடையைக்கூட வாங்கவில்லை. மழையோடு மழையாகப் போய்விட்டார். துரத்த ஓடிய ஆளை அம்மாவே தடுத்தார். "விடு. அந்த மூஞ்சிய இனி மறக்க மாட்டேன்" என்றார்.

என்னிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. சேலைப் பார்சலை இன்னொரு பொலித்தீன் பையில் சுற்றி, "நனையாமக் கொண்டு போ. மொத நாளே பிந்திப் போகாத" என்றார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. நாங்கள் எல்லோரும் வெறுத்த அந்தச் சந்தேகக்காரியை அன்று கட்டிக்கொண்டு அழலாம்போல் இருந்தது. துணிச்சல் வரவில்லை.

பல வருடங்களாகப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்பில் ஒரு பென்சில் காணாமல் போய், எல்லா விரல்களும் ஒரே பிள்ளையை நோக்கி நீளும்போதெல்லாம், என் முகத்தைப் பார்க்காமல் வாளியைப் பார்த்த அந்த அம்மா நினைவுக்கு வருகிறார். நானும் அந்தப் பிள்ளையை விட்டுவிட்டு, முதலில் வகுப்பைச் சுற்றி ஒருமுறை பார்க்கிறேன்.