சாம்பியன் கையில் டீத்தட்டு

நெமிலிச்சேரி தாட்சாயிணி, கல்லூரியில் படித்த மூன்று வருடமும் மாவட்டப் பெண்கள் சதுரங்கச் சாம்பியன். பெண் பார்க்க வந்தவர்கள் கோப்பைகளைப் பார்த்துவிட்டு, "மூளைக்காரப் பொண்ணு" என்று பூரித்துப் போனார்கள்.

கல்யாணமான முதல் வாரம் கணவன் மோகன் ஆசையாக அவளோடு ஆட உட்கார்ந்தான். காபி ஆறுவதற்குள் தோற்றான். மறுநாள் பலகை பரணுக்குப் போனது. "ஊட்டு வேலைய பாரு" என்றான். ஆட்டம் அவ்வளவுதான். கோப்பைகளை மட்டும் அவன் பரணில் போடவில்லை. வருகிறவர்களிடம் பெருமை பேச அவை வேண்டுமே.

போன பொங்கலுக்குப் பட்டாபிராமில் அவர்கள் குடியிருக்கும் ஃப்ளாட்ஸில் போட்டிகள் வைத்தார்கள். பெண்களுக்குக் கோலம், ஆண்களுக்குச் சதுரங்கம். அப்படிப் பிரித்ததே மோகன்தான். இறுதி ஆட்டத்தில் அவன் திணறிக்கொண்டிருந்தபோது தாட்சாயிணி டீத்தட்டோடு வந்து பக்கத்தில் நின்றாள். பலகையை ஒருமுறை பார்த்தாள். அவன் நிமிர்ந்து, வெட்கமே இல்லாமல், அவள் முகத்தைப் பார்த்தான். அவள் டீயை வைத்துவிட்டு நகர்ந்தாள். அவன் தோற்றான்.

லிஃப்டில் பல்லைக் கடித்தபடி கேட்டான்.

"உனுக்கு எதுனா தெரிஞ்சிச்சா?"

"தெரிஞ்சிது. குதிரைய நகத்தியிருந்தா ரெண்டே மூவ்ல மேட்."

"கண்ணாலயாவது ஒரு சாடை காட்டியிருக்கலாம்ல?"

தாட்சாயிணி காலி டம்ளர்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டே சொன்னாள்.

"வேடிக்கை பாக்கறவங்க ஆட்டத்துல தலையிடக் கூடாது. அதான் ரூல்."