டாக்டரிடம் சொல்லாத கஷாயம்

ஆஸ்பத்திரி சிகிச்சையோடு நாட்டு மருந்தும் சாப்பிடும் புற்றுநோயாளிகளைப் பற்றி ஓர் ஆராய்ச்சி நடக்கிறது. கேள்வித்தாள் தயாரிக்கும்போதே நோயாளிகளின் வீட்டாரையும் கூப்பிட்டு உட்கார வைக்கிறார்கள். அப்படித்தான் ஆஸ்டின் டவுனிலிருந்து பஸ் ஏறி நானும் போனேன். என் வீட்டுக்காரர் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. காபி கொடுத்து, "உங்க அபிப்பிராயம் வேணும்மா" என்றார்கள். பெற்ற பிள்ளைகளே என் அபிப்பிராயத்தைக் கேட்டதில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது.

நான்காவது கேள்வியைப் படித்ததும் சிரிப்பு நின்றது. 'வேறு மருந்து ஏதாவது எடுக்கிறீர்களா? ஆம் / இல்லை.'

டாக்டரும் ஒவ்வொரு முறையும் இதைத்தான் கேட்டார். "இல்ல சார்" என்பார் இவர். பக்கத்தில் நின்று நானும் தலையாட்டுவேன். என் கைப்பையில் ஃபிளாஸ்க் இருக்கும். அதில் நான் காலையில் காய்ச்சிய கஷாயம். பொம்மசந்திரா ஃபேக்டரியில் இவரோடு வேலை பார்த்தவர் காட்டிய வைத்தியரின் மருந்து அது. டாக்டரை ஏமாற்றும் எண்ணமெல்லாம் இல்லை. "இவ்ளோ படிச்ச மனுஷன், அவர்மேல நமக்கு நம்பிக்கை இல்லன்னுதானே நெனப்பாரு? மனசு நோகும்டி" என்பார். சாகக் கிடந்தபோதும் அடுத்தவருக்கு மரியாதை பார்த்தார், பாவி மனுஷன்.

மூன்றாவது மாதம் கல்லீரல் கெட்டது. ஊசி மருந்துதான் ஒத்துக்கொள்ளவில்லை என்று டாக்டர் அதை நிறுத்திவிட்டார். கஷாயத்தால் இருக்குமோ என்று எனக்கு அப்போதே உறைத்தது. வாயைத் திறக்கவில்லை. ஊசியும் போய்விட்டது, இனி இது ஒன்றுதான் என்று இன்னும் சுண்டக் காய்ச்சிக் கொடுத்தேன். எதனால் போனார் என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

"இந்தக் கேள்வி வேணாம்மா" என்றேன். ஆராய்ச்சி செய்யும் பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"இப்படிக் கேட்டா இல்லன்னுதான் சொல்வாங்க. நீங்க கஷாயம் குடிச்சா டாக்டர் கோவிச்சுக்க மாட்டாரு, வருத்தப்படவும் மாட்டாருன்னு மொதல்ல எழுதுங்க. அப்புறம் என்ன குடிக்கிறீங்கன்னு கேளுங்க."

அங்கேயே மாற்றி அச்செடுத்து என்னிடம் நீட்டினாள். "மாதிரிக்கு, உங்க வீட்டுக்காரருக்காக நீங்களே எழுதிப் பாருங்கம்மா."

எழுதினேன். கஷாயம், காலையும் மாலையும், கடைசி நாள் வரை. காய்ச்சிக் கொடுத்தது யார் என்று அதில் கேள்வி இல்லை. கீழே கொஞ்சம் இடம் இருந்தது. 'மனைவி' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.